எத்தனை அங்குலம் என்பது கடைசிக் கேள்வி

ஷோரூம் வாசலில் நிற்கும் புது பிக்கப் டிரக்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மூக்கு சற்றுக் கவிழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓர் அங்குலம், சில வண்டிகளில் இரண்டு அங்குலம். தயாரிப்பில் நேர்ந்த பிசகு அல்ல அது. பின்தொட்டியில் ஐந்நூறு கிலோ ஏற்றினால், அல்லது படகு டிரெய்லரை மாட்டினால், பின் ஸ்பிரிங் அமுங்கி வண்டி மட்டமாக வந்து நிற்கட்டும் என்று கணக்குப் போட்டு வைத்த உயரம். ஆனால் அமெரிக்காவில் பிக்கப் வாங்குகிற பலர் அந்தத் தொட்டியில் ஏற்றுவது சனிக்கிழமை மளிகைப் பைகளைத்தான். அவர்கள் கண்ணுக்கு அந்தக் கவிழ்ந்த மூக்கு உறுத்துகிறது. வண்டியை உயர்த்தப் போடும் உதிரிபாகத் தொகுப்பான லிஃப்ட் கிட் மேல் ஆசை பலருக்கு இந்த உறுத்தலில்தான் தொடங்குகிறது.

டெக்சஸில் இருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவன் போன மாதம் போன் செய்தான். "அண்ணா, நாலு இன்ச் போடவா, ஆறு இன்ச் போடவா?"

"டயர் என்ன சைஸ் போடப் போறே?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்ணா."

"பின்னாடி என்ன ஏத்துவே?"

"ஒண்ணும் ஏத்த மாட்டேன்."

"மண் ரோட்டுல போவியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பெரும்பாலோர் இந்த வரிசையில்தான் யோசிக்கிறார்கள்: முதலில் உயரம், மற்றதெல்லாம் பிறகு. வேலை நடக்க வேண்டியதோ நேர்மாறாக. எங்கே ஓட்டப் போகிறோம், வண்டியில் எவ்வளவு எடை எப்போதும் இருக்கும் என்பவை டயரையும் ஸ்பிரிங்கையும் முடிவு செய்கின்றன. அந்த டயர் எதிலும் உரசாமல் சுழல எவ்வளவு இடம் வேண்டுமோ, அதுதான் லிஃப்ட். அதற்கு மேல் தூக்குகிற ஒவ்வோர் அங்குலத்துக்கும் சஸ்பென்ஷனின் ஏதாவது ஒரு மூட்டு கூலி கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பேச ஒரு வண்டி வேண்டும். 2015 முதல் 2020 வரை வந்த ஃபோர்டு எஃப்-150, நான்கு சக்கர இயக்கம் உள்ளதை வைத்துக்கொள்வோம். முன்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு: மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் ஷாக் அப்சார்பரைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங். பின்னால் ஒரே துண்டாக ஆக்சில், அதைத் தாங்க லீஃப் ஸ்பிரிங், அதாவது நம் லாரிப் பட்டறைகளில் பட்டை என்று சொல்வது. அதே காலத்து செவர்லே சில்வராடோ 1500-உம், 2023 வரை வந்த டொயோட்டா டகோமாவும் ஏறக்குறைய இதே சாதிதான். ஆகவே ஒன்றுக்குச் சொல்வது பெருமளவு மற்றதற்கும் பொருந்தும்.

தூக்கினால் எது உயர்கிறது?

இந்த இடத்தில்தான் பெரிய மயக்கம் இருக்கிறது. ஆறு அங்குலம் தூக்கினால் வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே போய்விடும் என்று எண்ணுகிறோம். பின் ஆக்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் உருண்டையாகத் தொங்குகிறது. பாறையில் முதலில் இடிப்பதில் அதுவும் ஒன்று. ஆக்சிலைத் தாங்குவது சக்கரம். ஸ்பிரிங் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். சேசிஸும் பாடியும்தான் மேலே போகும். டிஃபரன்ஷியலை ஒரு நூலாவது உயர்த்த வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும்.

எஃப்-150-இல் பரவலாக வரும் 275/65 ஆர்18 டயரின் விட்டம் 32.1 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர் போட்டால் ஆக்சிலுக்குக் கிடைப்பது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆறு அங்குல கிட்டுக்கும் டயருக்கும் சில ஆயிரம் டாலர் கொட்டியவருக்கும் பின் ஆக்சிலின் கீழே கிடைப்பது அந்த ஒன்றரை அங்குலம்தான்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? ஒன்று, அந்தப் பெரிய டயர் வளைந்து திரும்பவும் மேலே ஏறவும், சக்கரத்தின் மேல் வளைந்து மூடும் ஃபெண்டருக்குள் இடம் வேண்டும். இன்னொன்று, கோணங்கள். மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காத கோணம், மேட்டின் உச்சியில் வயிறு தட்டாத கோணம், இறங்கும்போது பின் பம்பர் உரசாத கோணம். நீளமான நான்கு கதவு பிக்கப்பில் இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 145 அங்குலம் இருக்கிறது. அதன் வயிறு தட்டுவது சகஜம். அங்கே சேசிஸ் உயர்வது உண்மையான பயன்தான். மணலிலும் சரளைப் பாதையிலும் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்தக் கோணங்கள் பெரிதாகத் தேவைப்படாது. அவருக்கு லிஃப்ட்டை விட நல்ல ஷாக் அப்சார்பர் அதிகம் உதவும்.

பாடி லிஃப்ட் என்று ஒன்று உண்டு. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டைகளை வைத்துப் பாடியை மட்டும் ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை தூக்குவது. சஸ்பென்ஷனைத் தொடுவதே இல்லை, அதனால் ஓட்டம் மாறாது. டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டும், பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் பல் விழுந்த மாதிரி சந்து தெரியும். இப்போது அதைக் கேட்பவர் குறைவு. எனக்கும் அதில் பெரிய ஆர்வமில்லை.

இரண்டு அங்குலம் என்னும் எல்லை

மூக்கை மட்டும் தூக்கி வண்டியை மட்டமாக்குவதற்கு லெவலிங் கிட் என்று பெயர். அதில் மலிவானது, முன் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) தலையில், அது சேசிஸில் பொருந்தும் இடத்தில் வைக்கும் ஓர் அலுமினிய வளையம். வளையத்தின் கனம் ஓர் அங்குலம்தான் இருக்கும், ஆனால் வண்டி இரண்டு அங்குலம் உயரும். மாயமில்லை, நெம்புகோல் கணக்கு. ஸ்ட்ரட்டின் கால் கீழ்க் கையின் நடுவாக்கில் ஊன்றியிருக்கிறது, சக்கரமோ கையின் முனையில். நடுவில் ஓர் அங்குலம் நகர்ந்தால் முனையில் ஏறக்குறைய இரண்டு நகரும். பெட்டியைத் திறந்து, "ரெண்டு இன்ச் கிட் வாங்கினேன், ஒரு இன்ச் துண்டை அனுப்பி ஏமாத்திட்டாங்க" என்று கொதிப்பவர்கள் உண்டு.

வளையம் வைத்ததும் நடப்பது இதுதான். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங், ஷாக் அதே ஷாக். முழு அமைப்பும் இரண்டு அங்குலம் கீழே தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவே. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, தொழிற்சாலை வைத்த எல்லையைத் தாண்டி இன்னும் இரண்டு அங்குலம் கீழே போகும். அந்த ஆழத்துக்கு மேல்கையின் முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் கணக்கிடப்படவில்லை. சில வண்டிகளில் மேல்கை ஸ்பிரிங் சுருளிலேயே போய் இடிக்கும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான சிவி ஷாஃப்ட் அதிகமாக மடங்கி, அதன் மூட்டை மூடிய ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும். மேலே ஏறும்போதும் சிக்கல்: சேசிஸில் உள்ள ரப்பர் தடுப்பைத் தொடும் முன்பே ஷாக் தன் முழு நீளத்துக்கும் அமுங்கி உள்ளே இடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகை வளையம் ஸ்பிரிங்குக்கும் ஷாக்கின் தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கிறது. பில்ஸ்டீன் 5100 போன்ற ஷாக்கில் தட்டு உட்காரும் பள்ளங்களே பல படிகளில் வெட்டப்பட்டிருக்கும்; படியை மேலே மாற்றினால் உயரம் கூடும். இதில் ஸ்ட்ரட்டின் மொத்த நீளம் மாறுவதில்லை, அதனால் சக்கரம் பழைய எல்லைக்குக் கீழே தொங்காது, மூட்டுகள் பிழைத்தன. ஆனால் வண்டி ஏற்கெனவே இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்பதால் கீழே தொங்க மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது. சாலையில் ஒரு குழியைக் கடக்கும்போது சக்கரம் இறங்கி முழு நீளத்துக்கும் நீண்டு "டங்" என்று ஓர் அடி. ஸ்பிரிங்கை அழுத்தி வைத்ததால் அது கடினமாகிவிட்டது என்று பலர் சொல்வது சரியல்ல. ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியிலும் சுருளிலும் இருக்கிறது, அழுத்தி வைப்பதில் இல்லை. முரட்டுத்தனமாகத் தெரிவது அந்தக் குறைந்த தொங்கல்தான்.

எப்படிப் பார்த்தாலும், தொழிற்சாலைக் கைகளை வைத்துக்கொண்டு இந்த வகை வண்டிகளில் நிம்மதியாகப் போகக்கூடிய தூரம் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை அங்குலம். அதற்கு முன்னேயே காஸ்டர் கோணம் குறையத் தொடங்கிவிடும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால் கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போகப் பார்க்கிறது. காரிலும் அதே சாய்வுதான் காஸ்டர். மூக்கைத் தூக்கினால் அது குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி இங்குமங்கும் அலையும். ஸ்டீயரிங்கைச் சும்மா பிடித்திருக்க முடியாது. அலைன்மென்ட் செய்கிறவர் போல்ட்டை ஒரு முனைவரை திருகியும் பழைய எண் வராது. அப்போதுதான் வேறு மேல்கை வாங்க வேண்டிவரும். அதில் பால் ஜாயின்ட் சற்றுப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும், இழந்த காஸ்டர் திரும்பும். ஆகவே லெவலிங் கிட் வாங்கும்போதே மேல்கையின் விலையையும் அலைன்மென்ட் கூலியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வளையம் மட்டும் மலிவு.

எடையை வைத்து ஸ்பிரிங்

உயரமே வேண்டாம், ஓட்டம் நன்றாக வேண்டும் என்கிறவருக்கும், உயரத்தோடு ஓட்டமும் வேண்டும் என்கிறவருக்கும் ஒரே பதில்: வளையத்தை விட்டுவிட்டு, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் சேர்த்து மாற்றும் முழு காயிலோவர். இங்கே கடைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி முன் பம்பர் பற்றியது. இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சும் மாட்டினால் மூக்கில் 200 பவுண்டு கூடுவது சாதாரணம். கணக்குக்காக ஸ்பிரிங்கின் கடினம் அங்குலத்துக்கு 600 பவுண்டு என்று வைப்போம். நெம்புகோல் விகிதம், அதாவது சக்கரம் ஓர் அங்குலம் நகர்ந்தால் ஸ்பிரிங் நகரும் அளவு, 0.55 என்றால், சக்கரத்தில் அந்த விகிதத்தின் வர்க்கமாகத்தான் கடினம் தெரியும்: 0.55-ஐ 0.55 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.3, 600-ஐ 0.3 ஆல் பெருக்கினால் 180. பக்கத்துக்கு 100 பவுண்டு ஏறினால் வண்டி அரை அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். பம்பர் ஆக்சிலுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும். இரண்டு அங்குலம் என்று வாங்கிய கிட் இரண்டு வருடம் கழித்து வின்ச் மாட்டியதும் ஒன்றேகால் அங்குலமாகிறது.

ஆஸ்திரேலியர்கள் இந்த விஷயத்தில் தெளிவானவர்கள். 1975-இல் மெல்போர்னில் தொடங்கிய ஏஆர்பி நிறுவனம் விற்கும் ஓல்ட் மேன் ஈமு வரிசையில் ஒரே வண்டிக்கு ஒரே உயரத்தில் பல ஸ்பிரிங்குகள் இருக்கும்: பம்பர் இல்லாததற்கு ஒன்று, பம்பர் மட்டும் உள்ளதற்கு ஒன்று, பம்பரும் வின்ச்சும் உள்ளதற்கு ஒன்று. பின்னாலும் அப்படியே, காலி வண்டிக்கு வேறு, எப்போதும் 300 கிலோ சாமானோடு அலைகிறவருக்கு வேறு. ஆளில்லாத பாலைவனத்தில் தண்ணீர், பெட்ரோல், கூடாரம் எல்லாம் சுமந்து ஆயிரம் கிலோமீட்டர் போகிறவர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. காலி வண்டியில் கனத்த ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி எதிர்பார்த்ததை விட உயர்ந்து நின்று, முதுகெலும்பை எண்ணிக் காட்டும். நாளைக்கு வின்ச் வாங்குவேன் என்று இன்றைக்கே அதற்கான ஸ்பிரிங்கை வாங்காதீர்கள். அந்த நாளை பலருக்கு வருவதில்லை.

ஷாக்கைப் பற்றி ஒன்று மட்டும். சரளைப் பாதையில் ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டினால் ஷாக்கினுள் எண்ணெய் சூடாகி, காற்றோடு கலந்து நுரைத்து, அடக்கும் வலுவை இழக்கும். வண்டி படகு போல ஆடும். ஒற்றைக் குழாய் ஷாக்கில் நைட்ரஜன் வாயு தனி அறையில் மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருப்பதால் எண்ணெயோடு கலக்காது, வெளிச்சுவர் வழியே சூடும் எளிதில் இறங்கும். தனியே ஒரு குப்பியில் கூடுதல் எண்ணெய் வைத்திருக்கும் ஷாக் அதற்கும் மேலே. ஆனால் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மணிக்கு அறுபது மைலில் பறக்கிறவருக்குத்தான் அது தேவை. ஆபீசுக்குப் போய் வருகிறவருக்கு அந்தக் குப்பி ஓர் அழகுப் பொருள், சில வருடம் கழித்துச் சீல் கசியும் அழகுப் பொருள்.

நாலும் ஆறும்

இரண்டரைக்கு மேல் போக வேண்டுமானால் கதை வேறு. கைகளின் கோணத்தைக் காப்பாற்ற, கைகள் ஊன்றியிருக்கும் இடத்தையே கீழே இறக்க வேண்டும். நான்கு, ஆறு அங்குல கிட்டுகள் செய்வது அதைத்தான். பழைய குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, நான்கு அல்லது ஆறு அங்குலம் தாழ்ந்த புதுச் சட்டம். முன் டிஃபரன்ஷியலும் பிராக்கெட் வைத்துக் கீழே இறங்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிள் உயரமானதாக மாறும். பல வண்டிகளில் பழைய பிராக்கெட்டின் ஒரு பகுதியைக் கிரைண்டரால் அறுத்தெறிய வேண்டும். அறுத்த பிறகு பழையபடி ஆக்குவது சுலபமில்லை.

இதன் நல்ல பக்கம், சிவி ஷாஃப்ட்டும் கைகளும் தொழிற்சாலைக் கோணத்திலேயே இருப்பதால் சாலையில் ஓட்டம் அவ்வளவு கெடாது. ஆறு அங்குலம் தூக்கிய வண்டி, மூன்றரை அங்குல வளையம் திணித்த வண்டியை விடச் சாந்தமாக ஓடும். கெட்ட பக்கத்தைத்தான் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்: டிஃபரன்ஷியலும் குறுக்குச் சட்டமும் வண்டியோடு சேர்ந்து உயரவில்லை. வண்டி ஆறு அங்குலம் மேலே போக, அவை ஆறு அங்குலம் கீழே இறக்கப்பட்டன. தரையிலிருந்து அவை முன்பிருந்த இடத்திலேயே இருக்கின்றன. கூடுதலாகக் கிடைத்தது டயர் கொடுத்ததுதான். பாறையில் ஏற இப்படிப்பட்ட கிட் வாங்குகிறவர் ஏமாறுகிறார். 35 அங்குல டயர் போட்டு ஊருக்குள் கம்பீரமாக ஓட்ட வாங்குகிறவர் ஏமாறவில்லை. அவர் கேட்டது அதுதான், கிடைத்ததும் அதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்னால் வேலை எளிது, அதனாலேயே அலட்சியமும் அதிகம். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு கட்டை வைத்து நீளமான யு-போல்ட்டால் இறுக்கிவிட்டால் உயரம் வந்துவிடும். கட்டை உயர உயர, வேகமெடுக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவில் வளைக்கும், சக்கரம் துள்ளும். ஒரு கட்டையின் மேல் இன்னொரு கட்டை அடுக்குவது கூடவே கூடாது. முன் ஆக்சிலில் பட்டை உள்ள பழைய வண்டிகளில் கட்டை என்ற பேச்சே எடுக்கக் கூடாது, பிரேக் பிடிக்கும் விசையில் பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது. கட்டைக்குப் பதில் பட்டைக் கட்டுக்குள் இன்னொரு பட்டையைச் சேர்க்கலாம். லாரிக்குக் கூடுதல் பட்டை போடுவது நமக்கொன்றும் புதிதல்ல. சுமை ஏற்றுகிறவருக்கு அது சரிப்படும், காலி வண்டியில் குதிக்கும். எல்லாவற்றிலும் நல்லது புதுப் பட்டைக் கட்டு, விலையும் அதற்கேற்ப. எதைச் செய்தாலும் பழைய யு-போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள். ஒருமுறை இழுத்து நீண்ட போல்ட் அது. 2009 முதல் ராம் 1500-இலும், 2022 முதல் டொயோட்டா டன்ட்ராவிலும் பின்னால் காயில் ஸ்பிரிங். அங்கே பட்டைப் பேச்சுக்கே இடமில்லை.

ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம் 2500, ஜீப் கிளாடியேட்டர் போன்றவற்றில் முன்னாலும் ஒரே துண்டு ஆக்சில். அவற்றைத் தூக்குவது ஒரு வகையில் சுலபம், நீளமான காயில் போட்டால் போதும். ஆனால் ஆக்சிலை இடம் வலமாக நகராமல் பிடிக்கும் டிராக் பார், தூக்கியதும் சாய்ந்து, ஆக்சிலை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். ஸ்டீயரிங் இணைப்புக் கம்பியும் டிராக் பாரும் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும். ஏதாவது ஒரு மூட்டு தளர்ந்திருந்தால் ஒரு வேகத்தில் முன்பக்கம் முழுவதும் பேயாட்டம் ஆடும். ஓட்டுகிறவர்கள் அதற்கு வைத்த பெயர் 'டெத் வாபிள்', மரண ஆட்டம். ஒருமுறை அனுபவித்தவர் அந்தப் பெயர் பொருத்தமில்லை என்று சொல்ல மாட்டார்.

டயர் கேட்கும் கூலி

35 அங்குல டயர் போட்டதும் ஒரு சுற்றுக்கு 9 சதவீதம் கூடுதல் தூரம் ஓடுகிறது. மீட்டர் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்தைந்தில் போகும். கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்றி எழுதினால் இது தீரும். ஆனால் இழுவை தீராது. எஞ்சினிலிருந்து வரும் தண்டு 3.55 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் என்பதுதான் 3.55 ஆக்சில் விகிதம்; அது இப்போது 3.26 போல நடந்துகொள்ளும். பழைய இழுவை திரும்ப 3.87 வேண்டும், கடையில் கிடைப்பது 3.73 அல்லது 4.10. நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன்னாலும் பின்னாலும் இரண்டு டிஃபரன்ஷியலிலும் பல் சக்கரத்தை மாற்ற வேண்டும். பத்து கியர் உள்ள புது வண்டிகளில் இந்த இழப்பு அவ்வளவு தெரியாது, டிரெய்லர் மாட்டினால் தெரியும். பிரேக்கும் அதே பிரேக், நிறுத்த வேண்டிய சக்கரம் மட்டும் கனத்துவிட்டது. ஐந்தாவதாக ஒரு ஸ்டெப்னியும் வேண்டும், அது பழைய இடத்தில் வண்டிக்கடியில் நுழையுமா என்று முன்கூட்டியே அளந்து பாருங்கள்.

இன்னொன்று. லிஃப்ட் போட்டதால் வண்டி கூடுதல் சுமை தாங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடை வரம்பு மாறவே மாறாது. கிட்டின் எடையும் டயரின் கூடுதல் எடையும் அதிலிருந்து கழியும்.

33 அங்குல டயரோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கூலியில் பெரும்பகுதி மிச்சம். எஃப்-150-இல் அது பெரும்பாலும் இரண்டு அங்குல லெவலிங்கோடு உட்கார்ந்துவிடும். டகோமாவில் அதே அளவுக்கு ஃபெண்டரின் பிளாஸ்டிக்கை வெட்டி, சில சமயம் பாடி மவுன்ட்டின் ஓரத்தையும் அறுக்க வேண்டியிருக்கும். வீல் ஆஃப்செட்டைப் பொறுத்தும் இது மாறும். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் திரும்பும்போது டயர் பெரிய வட்டம் போட்டு ஃபெண்டரில் போய் இடிக்கும். பாதி உரசல் பிரச்சினைகளுக்கு டயர் அல்ல, வீல்தான் காரணம்.

கவிழ்வதும் சட்டமும்

ஒரு வண்டி கவிழும் சாத்தியத்தை எடைபோட அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எளிய எண்ணைப் பயன்படுத்துகிறது: இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுப்பது. 2001 மாடல் வண்டிகளுக்கு நட்சத்திர மதிப்பீடு தொடங்கியபோது 1.45-உம் அதற்கு மேலும் ஐந்து நட்சத்திரம், 1.03-உம் அதற்குக் கீழும் ஒரே ஒரு நட்சத்திரம். நம் வண்டியின் பாதி அகலம் 33.8 அங்குலம், மைய உயரம் 29 அங்குலம் என்று கணக்குக்காக வைத்தால் 1.17 வருகிறது. ஆறு அங்குலம் தூக்கி மையம் 35-க்குப் போனால் 0.97. அகலமான வீல் போட்டுப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் கூட்டினாலும் ஒன்றைத் தொடாது. இரண்டு அங்குல லெவலிங்கில் மூக்கு மட்டும் உயர்வதால் மையம் ஓர் அங்குலம் போலத்தான் ஏறும், எண் 1.13 அருகில் நிற்கும். நாலா ஆறா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த வகுத்தல் கணக்கைத்தான்.

2012 மாடல் முதல் எல்லா இலகு வண்டிகளிலும் கவிழாமலும் சறுக்காமலும் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு கட்டாயம். அது தொழிற்சாலை உயரத்துக்குப் பழக்கப்பட்டது. நல்ல கிட் தயாரிப்பாளர்கள் தங்கள் கிட்டோடு அந்தச் சோதனையைச் செய்து பார்த்ததாகச் சொல்வார்கள், சொல்லாதவரிடம் கேளுங்கள். புது வண்டிகளில் கண்ணாடியின் பின்னால் உள்ள கேமராவும் கிரில்லில் உள்ள ரேடாரும் சாலையைப் பார்க்கும் கோணமும் மாறுகிறது, அவற்றை மறுபடி சரிசெய்ய வேண்டும். 2023-இல், அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வமைப்பான ஐஐஎச்எஸ் வெளியிட்ட ஆய்வில், பானட்டின் முன்முனை 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரத்தில் சரிவான மூக்குள்ள வண்டிகளை விட, மோதும் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அது தொழிற்சாலை வண்டிகளை வைத்துச் சொன்னது. லிஃப்ட் அதன் மேல் ஏறுகிறது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சிலர் பம்பர் உயரத்தை அளக்கிறார்கள், சிலர் சேசிஸை. மூக்கை மட்டும் வானத்துக்குத் தூக்கி வாலைத் தரையில் இழுக்கும் 'கரோலினா ஸ்குவாட்' என்ற கூத்து வந்தபோது வட கரோலினா 2021 டிசம்பரில் தடை போட்டது: முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரை விட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயரக் கூடாது. வர்ஜீனியாவும் தென் கரோலினாவும் பின்தொடர்ந்தன. வாரண்டியைப் பொறுத்தவரை, 1975-இன் மாக்னுசன்-மாஸ் சட்டப்படி கிட் போட்டதாலேயே முழு வாரண்டியும் ரத்தாகிவிடாது. ஆனால் சிவி ஷாஃப்ட் உடைந்தால் அதற்கு லிஃப்ட்டே காரணம் என்று காட்டுவது டீலருக்குக் கடினமல்ல. இந்தியாவில் டொயோட்டா ஹைலக்ஸோ இசுசு வி-கிராஸோ போன்ற பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கறார். தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இன்னும் வண்டி வாங்காதவருக்கு ஒரு குறுக்கு வழி தெரிகிறது. சில்வராடோவின் டிரெயில் பாஸ் என்னும் மாடல் தொழிற்சாலையிலிருந்தே இரண்டு அங்குலம் உயர்ந்து வருகிறது. ராம் ரெபெல் ஓர் அங்குலம். எஃப்-150-இல் டிரெமர் மாடல் இருக்கிறது. ஷாக், மின்னணுக் கட்டுப்பாடு, வாரண்டி எல்லாம் அந்த உயரத்துக்கே பொருத்தப்பட்டவை. விலை கண்ணைக் கட்டும், ஆனால் கிட், மேல்கை, கூலி, அலைன்மென்ட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

மாட்டும் நாள்

நல்ல கிட்டையும் மோசமாக மாட்டிக் கெடுக்கலாம். என் வண்டியில் அது நடந்தது. பட்டறையின் தூக்கு மேடையில் வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே கீழ்க் கையின் புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டார்கள். ரப்பர் புஷ்ஷின் வெளிக்குழாயும் உள்குழாயும் ரப்பரோடு ஒட்டியிருப்பவை. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். பத்து மாதத்தில் கிழிந்து கீச்சிட்டது. சக்கரத்தில் எடை ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். வண்டியை விடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியபோது, சக்கரம் முழுதாகத் தொங்கியபோது இழுபடுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஐந்நூறு மைல் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். வீட்டிலேயே மாட்டுகிறேன் என்பவர், காயில் ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றும் வேலையை மட்டும் வெளியே கொடுத்துவிடலாம். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் கையோடு போகாது.

கடைசி வேலைக்குக் காசே ஆகாது, பலர் செய்வதில்லை. ஹெட்லைட். மூக்கை இரண்டு அங்குலம் தூக்கினால், இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 145 அங்குலம் உள்ள வண்டி முக்கால் டிகிரிக்குச் சற்று மேலே நிமிர்கிறது. கேட்க அற்பம். நூறு அடி தள்ளி அந்த வெளிச்சம் பதினாறு அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும், விளக்கே உயர்ந்த அளவையும் சேர்த்தால் ஒன்றரை அடி: எதிரே வரும் காரின் ஓட்டுநருடைய கண். கிட் மாட்டும் முன் மட்டமான இடத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தையும், தாழ் ஒளியின் மேல்விளிம்பு சுவரில் விழும் இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விளிம்பு விளக்கின் மையத்துக்கு எத்தனை அங்குலம் கீழே இருந்ததோ, மாட்டிய பிறகும் அத்தனை அங்குலம் கீழே வரும்வரை விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்ப வேண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவர், பத்து நிமிடம்.